‘அறிவேன்’ எனச் சொல்லத் தயங்கிய மாதர்

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்குச் சித்தாந்த அளவையியலைப் பாடமாக நடத்திக் கொண்டிருந்தோம். காட்சிக்கு உண்டாகும் குற்றங்கள் ஐயமும் திரிபும் என்பதையும், தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணியமாட்டாது மயங்கி நிற்றலே ஐயம் என்பதையும் விளக்கி முடித்தபோது, பின் வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். “கட்டையா மனிதனா என்ற ஐயம் கிட்டப் போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடும், சேர். கடவுளைப் பற்றி ஐயம் வந்தவன் எங்கே கிட்டப் போவது? அவன் கோயிலுக்குப் போகலாமா, போகக் கூடாதா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. அவ்வேளை மணி அடித்தமையால் தப்பினோம் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வினாவுக்கு நம் சமயத்திலிருந்து விடை தேடப் புகுந்தால், எமது பிறப்பும் வளர்ப்பும் எமக்கு முந்திக்கொண்டு விடை சொல்லிவிடும். ஆதலின் எமக்கு உறவும் பகையும் இல்லாத ஒரு கூட்டத்தாரிடம் அதனைக் கொண்டு செல்வதே நேர்மை எனத் தோன்றிற்று. சில காலமாக யாம் படித்து வருவன அமெரிக்காவின் மோர்மன் சமயப் பெண்களைப் பற்றிய நூல்கள். அப்பெண்களுட் சிலர் எம் மாணவனுடைய வினாவை அவனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர்கள். கேட்டதற்கு விலையும் கொடுத்தவர்கள்.

மோர்மன் சமயம் கிறிஸ்தவத்தின் ஒரு கிளை எனத் தன்னைக் கூறிக்கொள்வது. நியூயோர்க் மாநிலத்தில் வாழ்ந்த உழவர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர், தேவதூதன் ஒருவன் காட்டிய பொற்றகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாகச் சொன்ன ‘மோர்மன் நூல்’ 1830ஆம் ஆண்டில் அச்சேறியது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சபையும் தோன்றிற்று. அயலாரின் பகைக்கு அஞ்சி ஊர் ஊராகப் பெயர்ந்த அச்சபையின் தலைவர் 1844இல் இலினோய் மாநிலத்துச் சிறையொன்றிலே கும்பலாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பிரிகாம் யங் என்பவர் பெரும்பாலோரை மேற்கே அழைத்துச் சென்று, 1847இல் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கிற் குடியேற்றினார். ‘மோர்மன்’ என்ற பெயரை விட்டுச் சபையின் முழுப் பெயரையே வழங்குமாறு அதன் தலைமை 2018இல் உலகத்தாரைக் கேட்டுக்கொண்டது. அம்முழுப் பெயர் ஒரு வரி நீளமானது; வாசகர் பொறுத்தருள்க, ஈண்டுப் பழைய பெயரையே ஆளுகின்றோம்.

இச்சமயத்தில் எம் கருத்தைக் கவர்ந்தது ஒரு சிறு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு நோன்பு நாள். இரு வேளை உணவை ஒறுத்து, அதற்காகும் செலவை ஏழைகளுக்கெனச் சபையிடம் கொடுப்பார்கள். அன்று வழிபாட்டு மண்டபத்தில் ஏற்பாடான பிரசங்கம் கிடையாது. விரும்பிய எவரும், ஆண், பெண், சிறுவர் என்ற வேறுபாடின்றி, எழுந்து சென்று சபை முன்னிலையில் தமது சான்றுரையைக் கூறலாம். அவ்வுரைகளில் ஒரு வினைச்சொல் ஓயாது ஒலிக்கும். கடவுள் உளர் என அறிவேன். இச்சபை மெய்யானது என அறிவேன். ஸ்மித் தீர்க்கதரிசி என அறிவேன். மழலை மாறாத பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்து வந்து, தாய் காதிலே மெல்லச் சொல்லிக்கொடுக்க, பிள்ளை அதனை ஒலிவாங்கியிற் சொல்லுவதுண்டு. தேவாரம் சொல்லிக்கொடுக்கும் நம் தாய்மாரை நினைத்துக்கொண்டோம்.

‘நம்புகிறேன்’ என்பாரை அச்சபை தள்ளிவிடுவதில்லை. அறிதல் சிலருக்கு வாய்த்த வரம், அறிந்தோர் சொல்லை நம்புதல் வேறு சிலருக்கு வாய்த்த வரம் என்னும் கருத்து, 1831இல் ஸ்மித் வெளியிட்ட ஒரு வெளிப்பாட்டிலேயே உண்டு. ஆயினும் மேடையில் ஒலிப்பது பெரும்பாலும் முதல் வரத்தின் மொழியே. மூன்று தலைமுறையாக அச்சமயத்திற் பிறந்து வளர்ந்து, பிள்ளைகளையும் அதிலேயே வளர்த்த ஒரு பெண்ணுக்கு, ஒரு நாள் அவ்வினைச்சொல் நாவில் எழாது போனால் அவள் என் செய்வாள்?

விட்டு விலகிப் போகலாமே என்று நமக்குச் சொல்லத் தோன்றும். மோர்மன் பெண்ணுக்கு அஃது அத்துணை எளிதன்று. அவர்களுடைய திருக்கோயிலில் நிகழும் திருமணம் ‘முத்திரையிடுதல்’ எனப்படும். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் இறப்புக்கு அப்பாலும் என்றென்றும் ஒரு குடும்பமாகவே இருப்பர் என்பது அதன் பொருள். வாராந்தம் கூடும் மண்டபம் வேறு, திருக்கோயில் வேறு. மண்டபத்துக்கு எவரும் போகலாம். திருக்கோயிலுக்கோ அனுமதிச் சீட்டு வேண்டும். அதனைப் பெறுவதற்குச் சபைத் தலைவர் இருவர் தனித்தனியே நேரிற் கண்டு நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் பற்றிக் கேட்கும் வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டும். அவ்வாறு வினவுவோர் ஆடவரே. ஏனெனில் அச்சபையின் குருத்துவம் ஆடவர்க்கே உரியது. சீட்டு இல்லாத தாய், தான் பெற்ற மகளின் திருமணத்தைக் கண்ணாற் காண இயலாது. மணமக்கள் வெளியே வரும்வரை வாயிலிற் காத்திருக்க வேண்டியதுதான். முதலிற் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள் திருக்கோயில் மணத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2019இலேதான் நீங்கியது. அதன் பின்னரே அத்தகைய தாய் வெளி மண்டபத்திலேனும் ஒரு சடங்கைக் காணும் வாய்ப்பு எளிதாயிற்று. ஐயம் என்பது அங்கே வெறுந் தருக்கமன்று. மகளின் கலியாணத்தைக் காண்போமா மாட்டோமா என்ற வினாவும் அதனுள் அடங்கும்.

இத்தயக்கத்தின் வரலாறு அச்சமயத்தின் முதற் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. எம்மா என்பவள் ஸ்மித்தின் மனைவி. பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக 1827இல் அவரை மணந்தாள். அவர் சொல்லச் சொல்ல மோர்மன் நூலின் ஒரு பகுதியைத் தன் கையால் எழுதினாள். பெற்ற பிள்ளைகளுட் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தாள். 1842 மார்ச் 17ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாவூ நகரில் இருபது பெண்கள் கூடி அமைத்த மாதர் நிவாரண சங்கத்துக்கு அவளே முதல் தலைவி. அடுத்த ஆண்டில் அவள் கணவர், ஆடவர் ஒருவர் பல மனைவியரை மணத்தல் இறை ஆணை என்னும் வெளிப்பாட்டை எழுதுவித்தார். எம்மா அதனை வெறுத்தாள், எதிர்த்தாள். கணவர் கொலையுண்ட பின் பிரிகாம் யங்குடன் மேற்கே செல்ல மறுத்து நாவூவிலேயே தங்கிவிட்டாள். சபைக்குப் புறம்பான ஒருவரை மறுமணமும் செய்துகொண்டாள்.

1879 பெப்ரவரியில் அவளுடைய மூத்த மகன் தாயிடம் வந்து, எழுதிக் கொணர்ந்த வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விடைகளைப் பதிந்தான். மோர்மன் நூலைப் பற்றி அவள் சொன்னது உறுதியான சான்று. தன் கணவருக்கு அக்காலத்தில் ஒரு கடிதத்தைக்கூடச் செம்மையாகச் சொல்லி எழுதுவிக்கத் தெரியாது. அவர் முன் ஏடோ நூலோ இருந்ததில்லை. அந்நூல் இறை அருளால் வந்ததே என்றாள். பலதார மணத்தைப் பற்றிக் கேட்டபோது, தன்னையன்றி அவருக்கு வேறு மனைவியர் இருந்ததில்லை என்றாள். இருந்தனர் என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கலாம் என்னும் கணக்கைச் சபையே 2014இல் தனது கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டது. எம்மாவின் விடையைப் பொய் என்று ஒரே சொல்லிற் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. கணவருடைய நூலை நம்பிய அதே நெஞ்சு, அவருடைய ஒரு செயலை மட்டும் உள்ளே புகவிடாது கதவடைத்துக்கொண்டது போலும். அவ்விடைகளை அளித்து மூன்று மாதம் கழியுமுன் அவள் காலமானாள்.

அவளுடைய வரலாற்றை லிண்டா கிங் நியூவெல், வலீன் டிப்பெட்ஸ் ஏவரி என்னும் இரு மோர்மன் பெண்கள் 1984இல் விரிவாக எழுதினர். மறு ஆண்டு அவ்விருவரும் எம்மாவைப் பற்றிச் சபைக் கூட்டங்களிற் பேசக் கூடாது எனத் தலைமை தடுத்தது. ஏறக்குறைய பத்து மாதங்களின் பின்னரே தடை நீங்கிற்று. இறந்து நூறாண்டு கடந்த பின்னரும் எம்மா தொல்லை கொடுத்துக் கொண்டுதான் இருந்தாள்!

நாவூவில் எம்மாவின் வீட்டிலே வேலை செய்தவள் ஜேன் மானிங் என்னும் கறுப்பினப் பெண். கனெக்ரிக்கட் மாநிலத்திலிருந்து உறவினரோடு புறப்பட்ட அவளுக்கு, பஃபலோ நகரில் நிறத்தின் பொருட்டுப் படகில் இடம் மறுக்கப்பட்டது. ஏறக்குறைய எண்ணூறு மைல் தூரத்தைக் கால் தேய நடந்தே 1843இல் நாவூ சேர்ந்தவள் அவள். 1847இல் யூட்டாவுக்கு முதலிற் போனவர்களுள்ளும் அவள் ஒருத்தி. முதுமையில் அவள் வேண்டியது ஒன்றே: திருக்கோயிலின் முழுச் சடங்குகளையும் தானும் பெற வேண்டும் என்பது. திரும்பத் திரும்ப விண்ணப்பித்தாள். இனத்தைக் காட்டித் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். 1894இல் அவளுக்குக் கிடைத்ததோ, மறுமையில் ஸ்மித் குடும்பத்துக்கு ‘வேலையாள்’ ஆக முத்திரையிடப்படும் சடங்கு; அதிலும் அவளைக் கோயிலுள் விடாது, அவளுக்குப் பதிலாக வேறொருத்தியை நிறுத்திச் செய்தார்கள். அதன் பின்னரும் அவள் விண்ணப்பிப்பதை விடவில்லை. 1908இல் இறந்தாள். கறுப்பினத்தார் மீதிருந்த தடை நீங்கியது 1978 ஜூன் மாதத்தில். கடவுளைப் பற்றி ஜேனுக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. கடவுளின் பெயரால் வந்த விடையையே அவள் இறுதிவரை ஏற்கவில்லை. இதனை எந்த வகை ஐயத்துட் சேர்ப்பது என்று எம் அளவை நூல் சொல்லவில்லை.

இனி, யாம் மிக மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூட்டாவின் தெற்கேயுள்ள சென். ஜோர்ஜ் என்ற சிறு நகரில் ஆங்கில ஆசிரியையாக விளங்கியவர் வனீட்டா புறூக்ஸ். 1898இற் பிறந்தவர், மணமாகிச் சிறிது காலத்திலேயே கைக்குழந்தையோடு விதவையானவர், பின் மறுமணம் செய்து பெரிய குடும்பத்தைத் தாங்கியவர், மாதர் நிவாரண சங்கத்திலே பொறுப்பு வகித்தவர். அவர் இளம் ஆசிரியையாக இருந்த காலத்தில் நீபை ஜோன்சன் என்னும் முதியவர், தாம் இறக்குமுன் ஒரு செய்தியை எழுதி வைக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் எனக் கேட்டார். வேலை மிகுதியால் அவர் காலந் தாழ்த்தினார். 1919இல் போய்ப் பார்த்தபோது முதியவர் மரணப் படுக்கையில் நினைவு தடுமாறி, இரத்தம் இரத்தம் என்று அலறிக்கொண்டிருந்தார். அச்செய்தி அவரோடு போயிற்று.

ஆசிரியை அதனை விடவில்லை. 1857 செப்டெம்பர் 11ஆம் நாள், மவுண்டன் மெடோஸ் என்னும் புல்வெளியில், கலிபோர்ணியாவை நோக்கிச் சென்ற வண்டிக் கூட்டத்தார் ஏறக்குறைய நூற்றிருபது பேர் கொல்லப்பட்டனர். வெள்ளைக் கொடி காட்டிப் பாதுகாப்புத் தருவதாக நம்ப வைத்துக் கொன்றார்கள். பதினேழு சிறு குழந்தைகளே எஞ்சின. பழியெல்லாம் செவ்விந்தியர் மேற் சுமத்தப்பட்டிருந்தது. கொன்றவர்களுள் முதன்மையானோர் மோர்மன் படையினர். ஆசிரியை வாழ்ந்த அதே வட்டாரத்து மக்களின் பாட்டன்மார். தூக்கி வளர்த்த கைகளிலே இரத்தம் இருந்தது என்று எழுதுவது யாருக்கு எளிது? பகலில் அயலவர் வந்தால் தட்டெழுத்துப் பொறியின் மேல் துணிகளைப் போட்டு மூடிவிட்டு, துணி அழுத்துபவர் போல இருந்தார் எனச் சொல்வார்கள். வீட்டு வேலையைப் போட்டுவிட்டு எழுதுகிறாள் என்ற பேச்சுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது! அந்நூல் 1950இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், யூட்டாவிற் பிறந்த ஃபோன் புரோடி என்ற இன்னொரு பெண் ஸ்மித்தின் வரலாற்றை எழுதி, அவர் தீர்க்கதரிசி அல்லர் என முடிவு கட்டினார். பின்னாளிற் சபைத் தலைவராக வந்தவரின் உடன்பிறந்தாருடைய மகள் அவர். 1946இற் சபை அவரை விலக்கிற்று. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புறூக்ஸை எவரும் விலக்கவில்லை. பலர் முகம் திருப்பிக்கொண்டனர். தலைமை மௌனம் சாதித்தது. அவர் தம் சபையை விட்டுப் போகவுமில்லை, எழுதியதில் ஒரு வரியை மாற்றவுமில்லை. உண்மை தம் சபைக்குக் கேடு செய்யாது என்பது அவர் கொண்ட நம்பிக்கை. அவர் 1989இற் காலமானார். 2007இல், படுகொலையின் நூற்றைம்பதாம் ஆண்டு நினைவு நாளன்று, சபையின் அப்போஸ்தலர் ஒருவர் அப்புல்வெளியில் நின்று வருத்தம் தெரிவித்தார்.

தனித்தனியே எழுதியோரைப் பார்த்தோம். பெண்கள் கூடி எழுதத் தொடங்கியது பொஸ்ரன் நகர்ப் பக்கத்தில். 1970ஆம் ஆண்டையொட்டி, கணவன்மாரின் படிப்பையும் தொழிலையும் பின்பற்றி அங்கே குடியேறிய மோர்மன் மனைவியர் சிலர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருவர் வீட்டிற் கூடித் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். ஹாவாட் நூலகத்திலே அவர்கட்கு ஒரு புதையல் கிடைத்தது. யூட்டாப் பெண்கள் 1872 முதல் 1914 வரை தாமே நடத்திய ‘வுமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ என்னும் பத்திரிகையின் பழைய இதழ்கள் அவை. புரட்டப் புரட்ட வியப்பு மேலிட்டது. அவர்களுடைய பாட்டிமார் 1870இலேயே வாக்குரிமை பெற்றிருந்தார்கள். 1887இல் மத்திய அரசு அதனைப் பறிக்க, 1896இல் மீட்டார்கள். மார்த்தா ஹியூஸ் கனன் என்ற மருத்துவர் அவ்வாண்டுத் தேர்தலில், போட்டியிட்டோருள் தம் கணவரும் ஒருவராக இருக்க, வென்று மாநில மேற்சபை சென்றார். அமெரிக்காவில் அப்பதவி பெற்ற முதற் பெண் அவரே. நோயாளிகள் மேல் எண்ணெய் பூசிக் கைவைத்து வேண்டும் உரிமையும் அப்பாட்டிமாருக்கு இருந்தது. அது மெல்ல மெல்லச் சுருங்கி 1946இல் அடியோடு நின்றது. தாம் கேட்பது புதுமையன்று, இழந்த பொருளே என அப்பெண்கள் உணர்ந்தார்கள்.

1974இல் அவர்கள் தொடங்கிய பத்திரிகைக்குப் பழைய பெயரையே இட்டு ‘இரண்டாம் எக்ஸ்போனென்ட்’ என்றார்கள். கிளோடியா புஷ்மன் முதல் ஆசிரியர். சமைத்த கையாலேயே எழுதி, ஒட்டி, முகவரி எழுதி அனுப்பினார்கள். அதிலே பெண்கள் தம் வாழ்வையே எழுதினர்: பிள்ளைப்பேறு, மணமுறிவு, மணமாகாத் தனிமை, விடை கிடையாத பிரார்த்தனை. ‘அறிவேன்’ என மேடையிற் சொல்ல இயலாதவர்களுக்கு இன்னொரு மேடை கிடைத்தது. அக்கூட்டத்துள் ஒருவரான லோரல் தாட்சர் உல்ரிச், ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவிச்சி ஒருத்தியின் நாட்குறிப்பை ஆராய்ந்த நூலுக்காக 1991இல் புலிட்சர் பரிசும் பெற்றார். மறு ஆண்டு, சபைக்குரிய பல்கலைக்கழகத்தின் மாதர் மாநாட்டில் அவரைப் பேச அழைக்க எண்ணியபோது, காரணம் சொல்லாமலே ஆளுநர் சபை மறுத்தது. அவர் சபையை விட்டு நீங்கவில்லை.

கடவுளுக்குத் துணைவியாக, உயிர்கட்குத் தாயாக ஒரு தேவமாதா விண்ணுலகில் உண்டு என்பது மோர்மன் கொள்கை. ஆயின் அத்தாயை நோக்கிப் பிரார்த்திக்க வேண்டா எனத் தலைமை 1991இல் அறிவுறுத்தியது. தாய் உண்டு, கூப்பிடக் கூடாது! இரவிலே திடுக்கிட்டு விழித்தால் ‘அம்மா’ என்றே வாய் திறக்கும் நம்மவர்க்கு இதன் கடுமை எளிதில் விளங்கும்.

கசப்பான நிகழ்ச்சிகளும் பல. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தைச் சபை எதிர்க்க, அதனை வெளிப்படையாக ஆதரித்த சோனியா ஜோன்சன் 1979 டிசெம்பரில் விலக்கப்பட்டார். பெண்களுக்கும் குருத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேற் கெல்லி 2014இல் விலக்கப்பட்டார். இவ்விருவரும் பிறகு வேறு வழி சென்றனர். சென்றதில் யாம் குறை காணவில்லை.

எம் மாணவனுக்குச் சொல்ல வைத்திருப்பது லவினா பீல்டிங் அன்டர்சன் என்பவரின் கதை. ஆங்கில இலக்கியத்தில் கலாநிதி. சபையின் பத்திரிகையிலேயே பதிப்பாசிரியராகப் பணியாற்றியவர். சபைத் தலைவர்களுக்கும் அறிஞர்களுக்கும் இடையே நேர்ந்த பிணக்குகளையும், கேள்வி கேட்டோர் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளையும் நாள் வாரியாகத் தொகுத்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில், சபை ஒறுத்த அறுவருள் ஒருவராக அவரும் விலக்கப்பட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம் போல மண்டபத்துக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். விலக்கப்பட்டவர் அங்கே அமர்ந்திருக்கலாம். மேடையேறிச் சான்றுரை கூறலாகாது, சபை சார்பிற் பிரார்த்திக்கலாகாது. அப்பத் துண்டுகளும் நீரும் வைத்த தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும்போது, தாம் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வாறே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்தார். இடையே ஸ்மித்தின் தாயார் எழுதிய வரலாற்றை ஆராய்ந்து பெரிய பதிப்பாகக் கொணர்ந்தார். மோர்மன் வரலாற்று ஆய்வேடு ஒன்றின் ஆசிரியராகவும் பல்லாண்டு இருந்தார். அந்த அறுவருள் ஒருவரான மக்சீன் ஹாங்ஸ் 2012இல் மறு ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். அன்டர்சனும் விண்ணப்பித்தார். அவரை நாள்தோறும் அறிந்த ஊர்த் தலைவர்கள் இணங்கினர். 2019இல் மேலிடம் மறுத்துவிட்டது.

அதன் பின்னரும் அவர் போனார். 2023 ஒக்டோபரில் இறக்கும்வரை அச்சபை அவரை உறுப்பினராகக் கொள்ளவில்லை; அவரோ அதனைத் தமது சபை அன்று என ஒரு போதும் சொல்லவில்லை.

அடுத்த தவணை தொடங்கியதும் அம்மாணவனை எழுப்பி இதனைச் சொல்ல எண்ணியிருக்கின்றோம். “அப்படியானால் அவர் ஐயம் தீர்ந்தவரா, தீராதவரா, சேர்?” என்று அவன் திரும்பவும் கேட்பான். அதற்கு முன் மணி அடித்துவிடக் கூடாது.